பட்டியலும் பந்தியும்

மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மருந்து பற்றியது. மற்றொன்று உணவு பற்றியது. மருந்துப் பகுதியில் சிக்கல் இல்லை. அது ஒருவருக்கென வாங்கப்பட்டு ஒருவராலேயே உண்ணப்படுகிறது. வீட்டில் வேறு எவரும் அதில் பங்கு கேட்பதில்லை; அவர் அதை உண்பதால் வேறு எவருடைய தட்டும் குறைவதில்லை. உணவுப் பகுதியோ அத்தகையதன்று. உணவு ஓர் அடுப்பிலிருந்து வருகிறது. அந்த அடுப்பைச் சுற்றிப் பலர் அமர்ந்திருக்கின்றனர். காலையில் இரண்டு முட்டை, பதினொரு மணிக்குப் பழம், நண்பகலில் கூடுதல் பருப்பு, இரவில் பால் என்று எழுதப்பட்ட நான்கு வரிகள் ஒரு குடும்பத்தின் நடுவே வந்து விழும்போது, அவை ஒருவரது வயிற்றை மட்டும் தொடுவதில்லை. பந்தி முழுவதையும் தொடுகின்றன.

எனவே உணவுமுறை என்பது உடல்நலம் பற்றிய செய்தி மட்டுமன்று. அறம் பற்றிய வினாவும் ஆகும். ஒருவருக்கு வகுக்கப்பட்ட உணவுப் பட்டியலின் விலையை யார் கொடுக்கிறார்? பட்டியலில் உள்ளது கிடைக்காதபோது மாற்று தேடுகிறோமே, அந்த மாற்று எங்கிருந்து வருகிறது? இவ்வினாவைச் சிந்திப்பதற்குத் தாம்பரம் பொருத்தமான ஊர். நோயும் உணவும் பற்றிய ஒரு நூற்றாண்டு வரலாறு அந்த ஊரின் மண்ணில் எழுதப்பட்டிருக்கிறது.

சானடோரியம் என்னும் சொல்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டி குரோம்பேட்டையைக் கடந்ததும் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தில் நிற்கிறது. நாள்தோறும் அங்கு ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அது வெறும் இடப்பெயர். ஆனால் அப்பெயருக்குப் பின்னால் ஒரு மருத்துவக் கொள்கையே இருக்கிறது. 1928ஆம் ஆண்டு டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோயாளருக்கென ஒரு நலவாழ்வில்லத்தைத் தொடங்கினார். 1937இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1993 முதல் எய்ட்ஸ் நோயாளருக்கும் அது தன் கதவைத் திறந்தது. வேறிடங்களில் ஒதுக்கப்பட்டோர் பலருக்குப் படுக்கை தந்த இடம் அது.

1928இல் காசநோயை வெல்லும் மருந்து எதுவும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல்தான். ஆகவே ஐரோப்பாவிலும் இங்கும் மருத்துவர்கள் மூன்றையே நம்பினர்: ஓய்வு, தூய காற்று, ஊட்டமிக்க உணவு. பாலும் முட்டையும் வெண்ணெயும் இறைச்சியும் அன்று உணவுகள் மட்டும் அல்ல. மருந்துகளாகவே அளந்து தரப்பட்டன. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, மரங்களுக்கிடையே குடியமர்த்தி, நேரம் தவறாமல் ஊட்டுவதே சானடோரியம் என்னும் முறை.

இம்முறையின் ஒரு குறைபாட்டை நம் மண்ணின் மைந்தர் ஒருவரின் வாழ்வு காட்டுகிறது. தாம்பரத்தில் இல்லம் அமைப்பதற்கு முன் டாக்டர் சவுரி முத்து இங்கிலாந்தில் மென்டிப் குன்றுப் பகுதியில் ஒரு சானடோரியத்தை நடத்தி வந்தார். 1917இல் அங்கு அவரிடம் வந்து சேர்ந்த நோயாளருள் ஒருவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். காசநோய் என்று கருதப்பட்டே அவருக்கு மருத்துவம் நடந்தது; அது வேறு நோயாக இருந்திருக்கலாம் என்று பின்னாளில் ஆய்ந்தோர் கூறினர். நோய் எதுவாயினும், இங்கிலாந்து சானடோரியங்களில் அவருக்கு உணவே பெருந்தொல்லையாக இருந்தது. புலால் உண்ணாதவர், போர்க்காலம், அவர் நாவுக்குப் பழகிய எதுவும் எளிதில் கிடைக்கவில்லை. மருத்துவ நோக்கில் குறையற்ற உணவுகூட, உண்பவர் தம் உணவென ஏற்காதபோது, தட்டிலேயே தங்கிவிடுகிறது. 1919இல் தாயகம் திரும்பிய அவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் காலமானார்.

பொருளுக்குப் பொருள்

இங்கிருந்துதான் மாற்று என்னும் கருத்து தோன்றுகிறது. பட்டியல் ஒரு நோக்கத்தைக் குறிக்கிறது. பொருள் அந்நோக்கத்துக்கு ஒரு கருவி. நோக்கத்தை விடாமல் கருவியை மாற்றுவதே நல்ல மாற்று. முட்டை எழுதப்பட்டிருக்கிறது என்றால் மருத்துவர் கேட்பது முட்டையை அன்று; புரதத்தை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. அதே அளவு கொள்ளிலும் துவரம்பருப்பிலும் 6 கிராமுக்குக் குறையாது. பருப்பின் புரதம் தனித்து நின்றால் குறையுடையது. சோற்றோடு சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. ஆப்பிள் என்று எழுதியிருந்தால் கொய்யா அதன் இடத்தை மதிப்போடு நிரப்பும். வைட்டமின் சி அளவில் கொய்யா ஆப்பிளைப் பன்மடங்கு விஞ்சுகிறது. பாலின் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு கைகொடுக்கும். மாவுப் பானங்களின் பளபளப்பான புட்டிகளுக்கு வறுத்த பயறு மாவு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

ஆயின் எல்லா மாற்றும் மாற்றாகிவிடாது. கருவாட்டில் புரதம் நிறைய உண்டு. உப்பும் நிறைய உண்டு. இரத்த அழுத்தம் உடையவருக்கு அது உதவாது. கேழ்வரகு நல்லதுதான், அதையே கூழாகக் காய்ச்சிக் குடித்தால் நீரிழிவுடையவரின் இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறும். ஆகவே மாற்று செய்வோருக்கு அறிவு வேண்டும். அறிவு இல்லாதபோது கேட்டறியும் பணிவு வேண்டும்.

தமிழ்நாட்டின் பள்ளிகளில் சத்துணவுக் கூடத்தில் நிகழும் ஒரு மாற்றையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. பின்னர் முட்டையும் அதில் சேர்ந்தது. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. சத்துக் கணக்கில் பார்த்தால் இது சமமான மாற்றன்று. வாழைப்பழத்தில் உள்ள புரதம் ஏறத்தாழ 1 கிராம்தான். எனினும் இம்மாற்றில் ஓர் அறம் இருக்கிறது. வரிசையில் நிற்கும் குழந்தை எதுவும் வெறுங்கையோடு திரும்பவில்லை. உணவில் சத்தின் சமன் ஒன்று. மதிப்பின் சமன் மற்றொன்று. இரண்டையும் நாடுவதே முழுமையான மாற்று.

சென்னை கண்ட உண்மை

இனி வரலாற்றின் அடுத்த படிக்கு வருவோம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையத்தை நிறுவின. அதற்குள் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நோயாளர் தொகைக்கு ஏற்பச் சானடோரியப் படுக்கைகள் இல்லை. ஏழை நோயாளியை அவருடைய நெருக்கடியான வீட்டிலேயே வைத்து, அவருடைய எளிய உணவோடேயே, மருந்தால் மட்டும் குணப்படுத்த இயலுமா என்பதே கேள்வி.

193 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஓராண்டுக் காலம் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றவர் வீட்டிலேயே இருந்தனர். அவர்களது உணவு மிகத் தாழ்ந்தது. பலர் உழைத்துக்கொண்டும் இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தோரின் எடை வெகுவாகக் கூடியது. வீட்டில் இருந்தோருக்கு அவ்வளவு கூடவில்லை. எனினும் நோய் தணிந்ததில் இருசாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்தை ஒழுங்காக உண்டால் வீட்டிலேயே குணமாகலாம் என்பது நிலைநாட்டப்பட்டது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய ஆய்வுகளுள் இது ஒன்று.

இம்முடிவு ஏழைகளுக்கு ஒரு விடுதலை என்பதில் ஐயமில்லை. பாலும் முட்டையும் வாங்க இயலாதவனுக்கு வாழ்வில்லை என்று இருந்த நிலையை அது முறித்தது. நல்லுணவு இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி எவருக்கும் மருந்தை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்பது அன்று முதல் உறுதியாயிற்று. அதன் மறுபக்கமும் உறுதியாயிற்று: எத்துணை நல்ல உணவும் மருந்துக்கு மாற்றாகாது. இன்றும் சிலர் ஆட்டுக்கால் சூப்பையும் பேரீச்சம்பழத்தையும் நம்பி மாத்திரையை இடையில் நிறுத்திவிடுகின்றனர். அது உயிரோடு விளையாடுவதாகும்.

ஆனால் ஓர் ஆய்வு, தான் கேட்ட வினாவுக்கே விடை தருகிறது. சென்னை ஆய்வின் உணவுப் பகுதி கேட்டது, மருந்து உண்ணும் நோயாளி குணமடைவதற்கு மேலான உணவு இன்றியமையாததா என்பதே. அதற்கு 'இல்லை' என்ற விடை கிடைத்தது. அந்த வீட்டில் அவரோடு உண்ணும் மனைவியும் மக்களும் மெலிந்திருந்தால் அவர்களுக்கு என்ன நேரும் என்பது அதன் வினா அன்று. கேட்கப்படாத வினாவுக்கும் சேர்த்து விடை கிடைத்துவிட்டதுபோல உலகம் நடந்துகொண்டது. உணவு, மருத்துவத்தின் நடுவிடத்திலிருந்து ஓரத்துக்குச் சென்றது. மருத்துவர் சொல்லும் அறிவுரையாக அது எஞ்சியது: 'நன்றாகச் சாப்பிடுங்கள்.' அந்த இரு சொற்களை நிறைவேற்றும் பொறுப்பு முழுவதும் வீட்டின்மேல் விழுந்தது.

ஆளுக்கு ஆள்

வீடு அதை எவ்வாறு நிறைவேற்றுகிறது? பம்மலிலோ அனகாபுத்தூரிலோ செம்பாக்கத்திலோ ஒற்றையறை வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்ணால் காண்போம். கட்டடக் கூலியான கணவனுக்கு நோய். மனைவி, இரு பிள்ளைகள், வயது முதிர்ந்த தாய். நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது; பருப்பு ஒரு கிலோ மட்டும் குறைந்த விலையில் கிடைக்கிறது. கூலியோ நின்றுவிட்டது. காசநோயாளரின் ஊட்டச்சத்துக்காக நடுவண் அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்குகிறது. பெரிய உதவிதான். நாளொன்றுக்குப் பகுத்தால் 33 ரூபாய் வருகிறது. இரண்டு முட்டையும் அரை லிட்டர் பாலும் வாங்கினால் அந்நாளின் பங்கு தீர்ந்தது. மற்ற நான்கு பேருக்கு அதில் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும் என்று அத்தொகை எண்ணப்படவும் இல்லை.

இப்போது அந்த வீட்டில் ஒரு மாற்று நிகழ்கிறது. அது எந்த உணவு நூலிலும் எழுதப்படாத மாற்று. பிள்ளைகளுக்கு ஊற்றிய பால் தகப்பனுக்குச் செல்கிறது. கிழவியின் பங்கான பருப்பு தெளிந்த ரசமாகிறது. மனைவி எல்லாரும் உண்டபின் சட்டியைச் சுரண்டி உண்கிறாள். 'எனக்குப் பசியில்லை' என்கிறாள். பட்டியல் ஒரு வரி விடாமல் நிறைவேறுகிறது. மருத்துவர் எடையைப் பார்த்து மகிழ்கிறார். ஆனால் அங்கே முட்டைக்குக் கடலை மாற்றாகவில்லை. ஓர் ஆளுக்கு மற்றோர் ஆள் மாற்றாகியிருக்கிறார். முன்னது பொருளுக்குப் பொருள். இது ஆளுக்கு ஆள். முன்னதற்கு வேண்டியது அறிவு. இதற்கு வேண்டியது என்ன என்பதே நம் சிந்தனைக்குரியது.

நம் சமுதாயம் இதற்குத் தியாகம் என்று பெயரிட்டுப் போற்றும். அப்பெயர் பொய்யும் அன்று. அந்தப் பெண் அன்பினாலேயே அதைச் செய்கிறாள். எவரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அன்பினால் தரப்படுவதை அநீதி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். இவ்வெதிர்ப்பு வலுவானது, அதைத் தட்டிக் கழிக்க இயலாது.

நாம் ஒரு வேறுபாட்டை மட்டும் முன்வைப்போம். தியாகம் செய்வது அவளது உரிமை. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நமது உரிமை அன்று. ஒருவர் தாமாகத் தருவதை நன்றியோடு பெறலாம். அவர் தருவார் என்று முன்கூட்டியே எண்ணித் திட்டம் வகுத்தால் அது கொடை ஆவதில்லை. சொல்லாமல் விதிக்கப்பட்ட வரி ஆகிவிடுகிறது. 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்று நோயாளியிடம் சொல்லி அனுப்பும் மருத்துவமனையும், அவருக்கு மட்டும் அளந்து தரும் அரசும், அவரைப் பார்க்கப் பழத்தோடு செல்லும் நாமும், எழுதப்படாத இந்த வரியை நம்பியே நடக்கிறோம். வரி செலுத்துபவள் முணுமுணுப்பதில்லை என்பதால் வரி இல்லை என்றாகிவிடாது.

மேலும், உரிமையோடு செய்யப்படும் தியாகமும் பயன் நோக்கி அளக்கப்பட வேண்டும். தன் நலத்தைக் கொடுத்துப் பிறர் நலத்தைக் காப்பதே தியாகத்தின் பொருள். காசநோய் இருக்கும் வீட்டில் தாய் மெலிந்தால் என்ன நிகழும்? அக்கிருமி நல்ல உடலில் பல்லாண்டு உறங்கிக்கிடக்கக்கூடியது. மெலிந்த உடலில் அது எளிதில் விழித்துக்கொள்கிறது. அவள் விழுந்தால் ஊட்டுவதற்கு ஆள் இல்லை, பிள்ளைகளுக்கும் தீங்கு. கணவனைக் காக்க அவள் கொடுத்த உணவே நோய்க்கு அடுத்த வாயிலைத் திறந்துவிடுகிறது. தன் நோக்கத்தையே தோற்கடிக்கும் தியாகத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்வது அன்பு ஆகாது.

ஜார்க்கண்டிலிருந்து வந்த விடை

இது வெறும் வாதம் அன்று. கேட்கப்படாத வினா அறுபது ஆண்டுகளுக்குப் பின் கேட்கப்பட்டது. 1956இல் தோன்றிய சென்னை மையமே வளர்ந்து இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனமும், மங்களூரைச் சார்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் இணைந்து 2019இல் ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 2,800 நோயாளர், அவர்களது இல்லங்களில் 10,345 பேர். நோயாளர் அனைவருக்குமே அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய் கொண்ட மாத உணவுப் பை தரப்பட்டது. வேறுபாடு ஒன்றுதான்: ஒரு பிரிவில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் ஆறு மாதங்கள் வழங்கப்பட்டன. மற்றப் பிரிவில் வழங்கப்படவில்லை.

2023 ஆகத்தில் முடிவு வெளியானது. வீட்டார்க்கும் உணவு வழங்கிய இல்லங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய வகையோ 48 விழுக்காடு குறைந்தது. நோயாளரைப் பொறுத்தும் ஒரு செய்தி தெளிவாயிற்று: முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. எந்த உயர்ந்த உணவாலும் இது நிகழவில்லை. அரிசியும் பருப்புமே இதைச் செய்தன. நம் தாய்மார் 'எனக்கு வேண்டாம்' என்று ஒதுக்கிவைக்கும் அதே அரிசியும் பருப்பும்.

ஒரே நிறுவனத்தின் இரு ஆய்வுகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்புகிறது. நோயாளியை மருந்து குணப்படுத்தும் என்றது முதலாவது. வீட்டைப் பந்தி காக்கும் என்கிறது இரண்டாவது. தமிழ்நாடும் இதன் ஒரு பகுதியை உணர்ந்திருக்கிறது. 2022இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே ஒருவர் எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று அளந்து, மிக மெலிந்தோரை மருத்துவமனையில் சேர்த்துக் காக்கின்றனர். மெலிவு என்பது தோற்றம் மட்டுமன்று; உயிருக்கு வந்த ஆபத்தின் அறிகுறி என்பதை அது ஏற்கிறது.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் படிப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். பத்துக் குறட்பாக்களுள் பெரும்பாலானவை மருந்தைப் பற்றியவை அல்ல. உணவின் அளவையும் பொருத்தத்தையும் பற்றியவை. அவ்வதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுக்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். பேணுபவரை மருத்துவத்தின் உறுப்பாகவே அவர் எண்ணினார். அவ்வாறாயின் பேணுபவரின் தட்டை வெறுமையாக்கி நடத்தும் மருத்துவம், தன் உறுப்புகளுள் ஒன்றைத் தானே வெட்டிக்கொள்கிறது அன்றோ?

இரண்டு உலைகள்

காசநோய் வறியவர்களை மிகுதியாகத் தாக்கும் நோய். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட வினா வறியவர்களுக்கு மட்டும் உரியதன்று. தென்சென்னைப் புறநகரின் அடுக்குமாடி வீடுகளில் அது வேறு வடிவில் வாழ்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று கணித்தது. நோயுற்றவருக்கு உணவு மாற வேண்டும். வீட்டில் மற்றவர்க்கு மாறுவதில்லை. எனவே இரண்டு உலை கொதிக்கிறது. ஒன்றில் வெள்ளரிசிச் சோறு. மற்றொன்றில் தீட்டாத அரிசியோ சிறுதானியமோ. பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து திரும்பிய ஒரு பெண்ணே இரண்டையும் கிளறுகிறாள். அவளுக்கே நீரிழிவு இருந்தாலோ, தனக்கென ஓர் உலை வைக்க மனமின்றி, மற்றவர் உண்பதையே தானும் உண்டு தன் பட்டியலைக் கைவிடுகிறாள். பணம் இருக்கும் வீட்டில் உணவு இடம்பெயர்வதில்லை. ஓய்வும் உழைப்பும் இடம்பெயர்கின்றன.

இங்கேயும் விடை பந்தியிலேயே இருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தினர் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடல் எடை மிகுந்தோர் வெள்ளரிசிக்குப் பதில் தீட்டாத அரிசியை உண்டபோது, உணவுக்குப்பின் இரத்தச் சர்க்கரை ஏறுவது ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஆய்வுக்கு உட்பட்டோர் நீரிழிவு வந்தவர்கள் அல்லர், வரக்கூடியவர்கள். அதாவது நோயாளிக்கு நல்லது என்று நாம் ஒதுக்கி வைக்கும் உணவு, அவர் அருகில் அமர்ந்திருப்பவருக்கும் நல்லதே. கூடுதல் காய், குறைந்த சோறு, பருப்பு, கீரை, சுண்டல் என்னும் பட்டியலில் எந்த வரி உடல்நலமுள்ள மகனுக்குத் தீங்கு செய்யும்? நோயாளியைப் பந்தியிலிருந்து பிரித்துத் தனித்தட்டு வைப்பதைவிட, பந்தி முழுவதும் அவரை நோக்கி ஓரடி நகர்வது எளிது, அன்பும் ஆகும். தனித்தட்டு ஒருவரை நோயாளி என்று நாள்தோறும் மும்முறை நினைவூட்டுகிறது. பொதுப்பந்தியோ அவரை வீட்டின் உறுப்பினராகவே வைத்திருக்கிறது.

நோயுற்றவருக்கும் ஒரு கடமை உண்டு. 'எல்லாருக்கும் இல்லாத முட்டை எனக்கு எதற்கு' என்று ஒதுக்கிவிடுவது பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் அவர் எழுந்து நடப்பதே அந்த வீட்டின் முதல் தேவை. தம் பங்கை அவர் உண்ண வேண்டும். உண்டபின் மற்றவரின் தட்டைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். நோயாளியாக இருப்பது பார்வையை இழப்பதற்கு உரிமம் அன்று.

ஒறுத்தலிலும் மாற்று உண்டு

உணவைக் குறைப்பதையும் மாற்றுவதையும் பற்றித் திருச்சபைக்கு நெடிய பட்டறிவு உண்டு. ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் சொற்கள் நம் பாட்டிமாரின் நாவில் புழங்கியவை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நோன்புக் கடமையை 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடங்காதவர் வரை என வரையறுக்கிறது. உடல்நலம் இல்லாதோரை நோன்பு கட்டுப்படுத்துவதில்லை என்பதும் நெடுநாளைய மரபு. அதே தொகுப்பின் 1253ஆம் சட்டம், ஆயர் பேரவை நோன்புக்கும் இறைச்சி தவிர்ப்புக்கும் மாற்றாகப் பிறரன்புப் பணிகளையும் பக்திமுயற்சிகளையும் வைக்கலாம் என்கிறது. இறைச்சிக்கு மாற்று மீன் அன்று, அன்பு! தட்டில் குறைத்தது வேறொரு தட்டில் நிறையும்போதே ஒறுத்தல் நிறைவு பெறுகிறது என்னும் நுண்ணறிவு அதில் இருக்கிறது.

நாம் மேலே கண்ட வீட்டில் இக்கணக்கு தலைகீழாகிறது. ஆண்டு முழுவதும் ஒருசந்தி இருப்பவள் இருக்க முடியாதவள். மிகுதியாக உண்டு எடை குறைக்கப் பட்டியல் வாங்கும் நாம் அவளுக்கு அடுத்த தெருவில் வாழ்கிறோம். உள்ளவர் குறைத்துக்கொள்ள வேண்டியதும், இல்லாதவர் கூட்டிக்கொள்ள வேண்டியதும் ஒரே மருத்துவமனை வளாகத்தில் இரு வேறு சீட்டுகளாக எழுதப்படுகின்றன. அவ்விரு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் படிக்க எவரும் இல்லை.

அவற்றைச் சேர்த்துப் படிக்கும் பணி நமக்குரியது. அது பெரிய திட்டம் எதையும் கோரவில்லை. நோயாளியைக் காணச் செல்லும்போது ஆப்பிளும் சத்துமாவுப் புட்டியும் வாங்கிச் செல்லும் வழக்கத்தை மாற்றலாம். அதே பணத்தில் இரண்டு கிலோ பருப்போ, கடலையோ, எண்ணெயோ வாங்கி வீட்டாரிடம் தரலாம். 'அவர் சாப்பிட்டாரா?' என்று கேட்கும் நாம், 'நீங்கள் சாப்பிட்டீர்களா?' என்றும் கேட்கலாம்; முதல் விடையை நம்பாமல் இரண்டாம் முறையும் கேட்கலாம். பங்கில் இல்லங்களைச் சந்திக்கும் வின்சென்ட் தே பால் சபையினரும் அன்பியத்தாரும் உதவியை ஆளுக்கென அளக்காமல் அடுப்புக்கென அளக்கலாம். காசநோயாளருக்கு உணவுப் பை வழங்கத் தன்னார்வலரை அழைக்கும் நடுவண் அரசின் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதை வீட்டாருக்கும் விரிப்பதாக 2024இல் அறிவிப்பு வந்தது. அறிவிப்பு நம் தெருவிலுள்ள வீடு வரை வந்து சேர்ந்ததா என்று விசாரிப்பது அண்டை வீட்டார் கடமை.

தாம்பரம் சானடோரியத்தின் வாயிலில் பகலுணவு வேளையில் நின்று பார்த்தால், தூக்குச்சட்டியோடு உள்ளே செல்லும் பெண்கள் பலரைக் காணலாம். சட்டியில் என்ன இருக்கிறது என்று உள்ளே மருத்துவர் கேட்பார், கேட்க வேண்டியதுதான். அச்சட்டியை நிரப்பியபின் அவர்கள் வீட்டுப் பானையில் என்ன மிஞ்சியது என்று கேட்பவர் யார்? அந்த வினாவைக் கேட்கத் தொடங்கும் சமுதாயமே உணவுப் பட்டியல் எழுதும் தகுதியைப் பெறுகிறது.